சயாமிலிருந்து மீண்டோர்: வடசிலாங்கூர்த் தோட்டங்களின் மனக்காய வரலாறு

சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எண்களைக் கொண்டே எழுதுவர். பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். வேலை முனைந்து நடந்தது 1942-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து. இரு முனைகளும் வந்து கூடியது 1943 அக்டோபர் 17-ஆம் நாள். இவ்வெண்கள் தேவையானவையே. ஆயினும், தண்டவாளம் இணைந்த நாளோடு அவ்வரலாறு முடிந்ததாகக் கொள்வது பிழை. உயிர் தப்பி வந்தவனுடைய உறக்கத்தில் அப்பாதை மேலும் முப்பது நாற்பது ஆண்டுகள் கிடந்தது. வாராதவனுக்காகக் காத்திருந்தவள் வாழ்விலும் அது கிடந்தது. இவ்விரு வகை மக்களும் நிரம்ப வாழ்ந்த இடங்களுள் ஒன்று வடசிலாங்கூர். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை, அப்பால் உலு சிலாங்கூரின் புக்கிட் தாகார் வரை தொடர்ந்து கிடந்தவை ரப்பர்த் தோட்டங்கள். அங்கு வாழ்ந்தோர் உற்ற நோய் யாது, அதனை எவர் எப்பெயரால் அழைத்தனர், அதற்குரிய உதவி ஏன் அவர்களை எட்டவில்லை என்பன ஆராயத்தக்கன.

இவ்வட்டாரத்துத் தமிழர் உழைப்பின் பழமைக்கு ஓர் ஊர்ப்பெயரே சான்றாகும். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அணித்தாயுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஹென்றி ஃபோக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். இந்நாட்டுச் செம்பனைத் தொழிலின் தொடக்கம் அதுவே என்பர். தோட்டத்தின் பெயரைக் கேட்ட அளவிலே, காட்டை அழித்துக் கன்று நட்ட கைகள் யாருடையவை என்று சொல்ல வேண்டுவதில்லை. அக்கைகளுக்கு உரியோர் அச்சத்தை முதன்முதலாக ஜப்பானியரிடம் கற்றுக்கொண்டதாகவும் எண்ணிவிடலாகாது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் எழுந்து பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அரசு படையை வரவழைத்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துரை வரும்போது மிதிவண்டியினின்று இறங்கி நிற்கும் இழிவு நீங்க வேண்டுமென்பதும் அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. அதன்பின் எட்டுத் திங்களுக்குள் ஆட்சியே மாறிற்று. 1942 ஜனவரி முதல் வாரத்தில் ஜப்பானியர் கோலசிலாங்கூர்க் கரையை நாடி வந்தனர். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் போர் நடந்தது. ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. துரைமார் மறைந்தனர். ரப்பருக்குச் சந்தை இல்லை. அரிசி அருகிற்று. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. சாக்குத் துணியே உடையாயிற்று.

சயாமுக்கு ஆள் எடுத்தது இந்தப் பசியின் நடுவில்தான். தொடக்கத்தில் அறிவிப்பு இனிமையாகவே இருந்தது. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி. உணவும் உறையுளும் இலவசம். மூன்று மாதத்தில் திரும்பலாம். நம்பிச் சென்றோர் உண்டு. மூன்று மாதம் கழிந்தும் எவரும் திரும்பாமை கண்டபின் நம்புவார் இல்லை. அப்போது தோட்டந்தோறும் இத்தனை பேர் என்று கணக்கு விதிக்கப்பட்டது. அக்கணக்கைத் தீர்க்கப் பெயர் எழுதும் வேலை கிராணிக்கும் கங்காணிக்கும் வந்தது. எவன் பெயரை எழுதுவது, எவன் பெயரை விடுவது? உறவினனை விட்டுவிட்டுப் பகையாளியை எழுதியவரும் இருந்திருப்பர். தன் தலை தப்பினால் போதும் என்று நடுங்கிய கையோடு எழுதியவரும் இருந்திருப்பர். இலவசப் படக்காட்சி என்று கூட்டி, கொட்டகைக் கதவை அடைத்து, அகப்பட்டோரை லாரியில் ஏற்றிய செய்தியும் அக்காலத்தார் நினைவுரைகளில் வருகிறது. வேலைக்கென்று மரநிரைக்குச் சென்றவன் வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளாமலே ரயிலேறியதும் உண்டு.

மூடிய இரும்புச் சரக்குப் பெட்டிகளில் நாட்கணக்காகப் பயணம். பான்போங்கில் இறங்கியபின் காட்டு வழியே நடை. முகாமென்பது பல இடங்களில் மூங்கில் கால்மேல் கிடந்த ஓலைக் கூரையன்றி வேறில்லை. போர்க்கைதிகளாயிருந்த வெள்ளைக்காரப் படையினர்க்கு அந்நரகத்திலும் ஒரு கட்டமைப்பு இருந்தது: அதிகாரிகள் இருந்தனர், படை மருத்துவர்கள் இருந்தனர், செத்தவன் பெயரைக் குறித்துக்கொள்ள ஒருவன் இருந்தான். தமிழ்த் தொழிலாளிக்கு இவற்றுள் எதுவுமில்லை. 1943 மே மாதம் மழையோடு வாந்திபேதி வந்தபோது இவ்வேறுபாடு வெளிப்பட்டது. கொன்கொய்தா முதலிய இடங்களில் தொழிலாளர் குடிசைகள் பிணக்குவியலாயின. நிலைமை கைமீறிய பின்னரே, சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறைமுகாமிலிருந்த மருத்துவக் கைதிகளைக் 'கே' படை, 'எல்' படை என இரு பிரிவுகளாக்கி, ஆசியத் தொழிலாளரைப் பார்க்குமாறு ஜப்பானியர் அனுப்பினர். மருந்தில்லா மருத்துவர் என் செய்வர்? நோயாளிகளில் உயிர் போகாதவரையும் பிணத்தோடு சேர்த்து எரித்ததைக் கண்ணால் கண்டதாக மீண்டோர் பலர் தம் முதுமையில் கூறியுள்ளனர். அறுபது ஆண்டுகள் கழித்துச் சொன்னபோதும் அவ்விடத்தில் அவர்கள் குரல் உடைந்தது.

மலாயாவிலிருந்து சென்ற தொழிலாளர் தொகை 75,000-க்கும் மேல். அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். மாண்டோர் தொகை பற்றி மதிப்பீடுகள் வேறுபடுகின்றன: சில 30,000 அளவில் நிற்கும், சில 40,000-ஐக் கடக்கும். பத்தாயிரம் உயிர் இடைவெளியுள்ள ஒரு கணக்கு, கணக்கெடுக்க ஆளில்லாதிருந்தமைக்கே சான்று. போர்க்கைதிகளில் இறந்தோர் 12,000-க்கு மேற்பட்டோர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் கிடக்கின்றனர். பெரும்பாலோர் தலைமாட்டில் பெயரும் படைப்பிரிவும் பொறித்த பலகை உண்டு. அதே ஊரில் 1944-இல் ஜப்பானியப் படையே எழுப்பிய நினைவுத் தூணில் தமிழிலும் ஒரு கல்வெட்டு உள்ளது. கொன்றவர் வைத்த கல்லில் தமிழ் இடம்பெற்றது. வென்றவர் வகுத்த கல்லறையில் அத்தொழிலாளர்க்கு இடமில்லாது போயிற்று. 1990-இல் அவ்வூர் விளைநிலமொன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோர் எலும்புகள் ஒருசேரக் கிடைத்தன. மலாயாவில் இந்தியர் தொகை 1931-இல் ஏறத்தாழ 620,000. பதினாறு ஆண்டு கழித்து 1947-இல் ஏறத்தாழ 600,000. இடையில் தாயகம் திரும்பியோரும் உண்டாகலின் குறைவு முழுவதையும் போர்மேல் ஏற்றலாகாது. எனினும், வளர வேண்டிய ஓர் இனம் தேய்ந்து நின்றது கண்கூடு.

போர் முடிந்தபின் 1945-இன் இறுதியிலும் 1946-இலுமாக மீந்தோர் மெல்ல மெல்லத் திரும்பலாயினர். காலில் ஆறாப் புண், வீங்கிய வயிறு, மலேரியாக் காய்ச்சல். இவற்றைத் தோட்டத்து டிரசர் கண்டார், கட்டுக் கட்டினார், கொயினா கொடுத்தார். கண்ணுக்குத் தெரியாத புண்ணைக் காணும் பயிற்சி அவருக்கு இல்லை. அன்று அப்பயிற்சி பெரிய மருத்துவமனைகளிலேயே அரிது.

அப்புண்ணின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் தோன்றும் நிலைக்களன்களை நான்கென வகுக்கிறார்: அணங்கு, கொடுவிலங்கு, கள்வர், ஆளும் இறை. சயாம் காட்டில் இந்நான்கும் ஒருங்கே இருந்தன என்பதைத் தமிழாசிரியர் எளிதில் உணர்வர். உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு என்னும் கருத்தும் இங்குப் பெரிதும் பொருந்தும். ஆனால், நூலோர் கூறும் அச்சம் அஞ்சத்தக்க பொருள் எதிர்நிற்கும்போது தோன்றுவது. மனக்காயம் என்று இற்றை மருத்துவர் கூறுவதோ, பொருள் அகன்று ஆண்டுகள் பல ஆனபின்னும் அகலாத அச்சம். உயிருக்கு இறுதி நேரும் என்ற நிலையில் மனிதனின் மூளை அந்நிகழ்ச்சியைப் பிற நினைவுகளைப் போல முன்பின் ஒழுங்கோடு அடுக்கி வைப்பதில்லை. ஒரு நாற்றம், ஓர் ஓசை, ஒரு வகை ஒளி என்று துண்டு துண்டாகப் பதிகிறது. பின்னாளில் அத்துண்டுகளுள் ஒன்று எதிர்ப்பட்டால், 'அன்று நடந்தது' என்ற உணர்வு வருவதில்லை. 'இன்று நடக்கிறது' என்றே உடல் கொள்கிறது. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், கை தானே எழும். இரவில் அதே காட்சி கனவாகும். கனவுக்கு அஞ்சி உறக்கத்தை ஒழிப்பான். நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் பேச்சையும் விலக்குவான். விலக்கி விலக்கிக் கடைசியில் மகிழ்ச்சி, அன்பு இவற்றையும் உணர மாட்டாத மரத்த நிலை எய்துவான். சிறு சத்தத்துக்குத் துள்ளுவதும் சிறு பிழைக்குக் கடுஞ்சினம் கொள்வதும் இந்நோயின் குறிகளே.

இக்குறிகளுக்குத் தோட்டத்தில் பெயரில்லாமல் இல்லை. வெறித்துப் பார்த்திருப்பவனைப் பேயறைந்தவன் என்றனர். இரவில் அலறுபவனைக் காற்றுக் கருப்பு அண்டியது என்றனர். மனைவி மக்களை அடிப்பவனைக் குடிகாரன் என்றனர். வேலைக்கு வாராது லயத்து மூலையில் குந்தியிருப்பவனைச் சோம்பேறி என்று பெரட்டில் பெயரடித்தனர். ஒரே நோய் நான்கு பெயர் பெற்று, நான்கு வாசலுக்குச் சென்றது: பூசாரியிடம் ஒன்று, கள்ளுக்கடைக்கு ஒன்று, கங்காணியிடம் ஒன்று, வீட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது ஒன்று.

பூசாரியிடம் சென்றதை அறியாமை என்று தள்ளிவிடுதல் இன்றைய படித்தவர்க்கு எளிது. ஆனால் ஆராய்ந்தால் அதிலும் ஒரு நன்மை இருந்தது. துன்பத்துக்குக் காரணம் நோயாளியின் கோழைத்தனமன்று, வெளியிலிருந்து வந்த ஒன்று என்று அது கொண்டது. ஆகவே அவனை இகழவில்லை. உடுக்கை ஒலிக்க, ஊரார் சூழ, அவன் வாய் திறந்து அழவும் கதறவும் இடம் தந்தது. உரியோர் முன்னிலையில் துன்பத்தைச் சொல்லவிடுதல் இற்றை மருத்துவத்தின் ஒரு கூறே. குறை எங்கே என்றால், மனிதன் செய்த கொடுமையின் பழி பேயின்மேல் போயிற்று. சிலபோது 'அவள் வந்த நேரம்' என்று வீட்டுப் பெண்ணின்மேலும் போயிற்று. கள்ளின் செய்தி வேறு. வெறி முதலில் கண்ணை மூடச்செய்யும். நள்ளிரவுக்குப் பின் உறக்கத்தைக் கலைத்துக் கனவைக் கொடிதாக்கும். மறுநாள் முன்னினும் மிகுதியாகக் குடிக்க வேண்டும். தோட்டத் தமிழரின் குடிப்பழக்கம் பற்றி ஏராளமாக எழுதியவர்கள் அவர்களுள் எத்தனை பேர் உறக்கத்துக்காகக் குடித்தனர் என்று கேட்டார்களில்லை.

ஐந்தாவதாக ஒரு வாசலும் இருந்தது. பேராக்கில் 1911-இல் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனையே அது. ஊரின் பெயரே வசைச் சொல்லாகி, 'இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு' என்று சிறு பிள்ளைகளும் ஏசும் நிலை வந்தது. 1971-இல் 'பகாகியா', அதாவது 'மகிழ்ச்சி', என்று மருத்துவமனைக்குப் புதுப்பெயர் சூட்டியும் வசை ஓயவில்லை. முற்றிலும் அறிவு திரிந்தவர்க்கே அவ்விடம் என்று மக்கள் கருதினர். பகலில் பால்வெட்டி, இரவில் மட்டும் வியர்த்து எழுபவன் தன்னை அவ்வகையில் சேர்த்துக்கொள்வானா?

மலாய்நாட்டில் மனநோய் ஆராய்ச்சியே இல்லாதிருந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் மனநோய் விடுதித் தலைவர் கில்மோர் எல்லிஸ் 1893-இல் 'அமோக்' பற்றியும் 1897-இல் 'லாத்தா' பற்றியும் மருத்துவ இதழில் எழுதினார். மலாய்ச் சொற்கள் உலக மருத்துவ நூல்களில் ஏறின. மேலே கண்ட ஃபோக்கொனியே எழுதி 1930-இல் பிரான்சின் கொன்கூர்ப் பரிசு பெற்ற நாவலிலும் அமோக் உண்டு. ஐரோப்பியர்க்குப் புதுமையாய்த் தோன்றிய நோய் அவர்கள் கருத்தைக் கவர்ந்தது. பால்மரத்தடியில் ஓசையின்றி நலிந்தவன் எவர்க்கும் புதுமையாய்த் தோன்றவில்லை.

போரினால் வரும் மனக்காயத்தை ஐரோப்பியர் அறிந்தது முதல் உலகப் போரில். 1915-இல் சார்ல்சு மையர்சு என்னும் ஆங்கிலேயர் 'குண்டதிர்ச்சி' என்று பொருள்படும் பெயரை மருத்துவ ஏட்டில் வழங்கினார். நெடுங்காலம் அதனைக் கோழைகளின் நாடகம் என்றவரே மிகுதி. வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்கப் படையினர் நிலை கண்டபின், 1980-இல்தான் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனியிடம் தந்தது. 1943-இல் இருபத்தைந்து வயதாயிருந்த தோட்டத் தொழிலாளிக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. நோய்க்குப் பெயர் கிடைத்தபோது நோயாளர் பலர் சுடுகாடு சேர்ந்துவிட்டனர்.

இதற்குக் காலத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. அதே பாதையில் உழைத்த பிரிட்டிஷ் கைதிகளின் கதை வேறாயிற்று. இங்கிலாந்தில் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி 1945-இன் பிற்பகுதி தொட்டு 1999 வரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களைப் பரிசோதித்து மருத்துவம் செய்தது. முதலில் புழுவும் காய்ச்சலுமே நாடிய அம்மருத்துவர்கள், உடல் தேறியவரிடத்தும் பல்லாண்டு கழித்து மனத்துயரும் உறக்கக் கேடும் நிலைத்திருத்தலைக் கண்டனர். அவர்கள் கண்ட மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. 'ஸ்ட்ராங்கிலாய்டிசு' என்னும் நுண்புழு சேற்றின் வழியே காலில் புகுந்து, உடலுக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெருகி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கைதிகளிடம் இருந்தது. தோல் தடிப்பு வந்தால் நரம்புத் தளர்ச்சி என்று பிற மருத்துவர் அனுப்பிவிட்டவரைக்கூட அப்பள்ளி சோதித்துப் புழுவைக் கண்டு நீக்கிற்று. அதே சேற்றில் நின்ற தமிழர் கால்களுக்கும் அப்புழு புதியதாயிருந்திராது. தேடிய மருத்துவப் பள்ளி ஒன்றுதான் இல்லை. 1967 செப்டம்பரில் ஜப்பான் போர்க் கொடுமைக்கு ஈடாக மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள உதவியை ஒப்புக்கொண்டது; அது இரண்டு கப்பல்களாக வந்தது.

இனி, காத்திருந்த பெண்களைப் பற்றி. இறந்தான் என்ற செய்தி வந்தவளுக்குத் துயரம் உண்டு. அத்துயரத்துக்கு ஒரு முறையும் உண்டு. தாலி களைவாள், பதினாறாம் நாள் கருமாதி நடக்கும், ஆண்டுக்கொரு திதி வரும். செய்தியே வாராதவள் என் செய்வாள்? தாலியைக் களைந்தால் உயிரோடிருப்பவனைக் கொன்ற பழி, களையாதிருந்தால் ஊர்ப்பேச்சு. மறுமணம் செய்தவளிடம் பழைய கணவன் திரும்பி வந்து நின்றால் யாது நேரும் என்ற அச்சம் ஒருபால். பிள்ளைகள் பசி ஒருபால். அமெரிக்க அறிஞர் பாலின் பாசு என்பார் இத்தகைய முடிவு தெரியாத இழப்பை 1970-களிலிருந்து ஆராய்ந்து, சாவைக் காட்டிலும் இது ஆற்றுதற்கரிது என்று நிறுவினார். போரில் காணாமற்போன வானோட்டிகளின் மனைவியரே அவர் முதலில் ஆராய்ந்தோருள் அடங்குவர். தமிழ் மரபு இச்சிக்கலை முன்பே எதிர்கொண்டு ஒரு வழி வகுத்திருந்தது: இறந்த திதி அறியப்படாதவர்க்கு மகாளய அமாவாசையில் நீர்க்கடன் செய்யலாம். இஃது ஒரு சடங்கே என்று சொல்லலாம். ஆயினும், தெரியாததைத் தெரியாதது என்றே ஏற்றுக்கொண்டு அதற்கும் காலண்டரில் ஒரு நாள் ஒதுக்கியது சிறிய உதவியன்று. பாசு அம்மையாரின் மருத்துவ முறையும் முடிவைத் திணிப்பதில்லை. ஐயத்தோடே வாழக் கற்பிப்பது.

ஆறத் தொடங்கிய புண்மேல் மீண்டும் அடி விழுந்தது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் உலு சிலாங்கூர்ப் பத்தாங் காலி அருகே தோட்டமொன்றில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமற்ற சீனத் தொழிலாளர் 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். மாண்டோர் குடும்பத்தார் பல்லாண்டு போராடி லண்டன் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 2015-இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. தோற்றனர் எனினும், அவர்கள் துயரத்துக்கு இடமும் நாளும் பெயர்ப்பட்டியலும் இருந்தன. தமிழர் தோட்டங்களிலோ பிரிக்சு திட்டப்படி லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலி போடப்பட்டது. ஊரடங்கு, வாயிலில் சோதனை, அளந்து கொடுக்கும் அரிசி, துப்பாக்கியோடு காவலன், ஆள் எண்ணிக்கை. அரசின் நோக்கம் வேறாயினும், ஐந்தாறு ஆண்டுக்கு முன் மூங்கில் வேலிக்குள் எண்ணப்பட்டு மீண்டவனுக்கு அவ்வேறுபாடு புலப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

இவ்வளவும் நிகழ்ந்தும் நெடுங்காலம் பேச்செழவில்லை. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தோர் கதை மேடையேறிற்று. நேதாஜி படம் வீட்டுச் சுவரில் தொங்கிற்று. சயாம் கதை அடுப்படியோடு நின்றது. முன்னதில் வீரமும் நோக்கமும் உண்டு. கேட்போர் நிமிர்ந்து உட்காருவர். பின்னதில் இழிவும் நாற்றமுமே உண்டு என்று எண்ணினர் போலும். அன்றியும், பெயரெழுதிக் கொடுத்த கிராணியின் பிள்ளையும் அப்பட்டியலில் போனவன் பிள்ளையும் ஒரே தோட்டப் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்தனர். வாய் திறந்தால் தோட்டமே இரண்டாகும். மௌனம் மறதியினால் வந்ததன்று. விலக்குதல் என்னும் நோய்க்குறியை ஊரே கைக்கொண்டது எனலாம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இல் நாவலாக வந்தபோது போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. பின் அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' வந்தது. அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் நகரியங்களாகியும், ஒரு கதையை ஒருங்கே அறிந்திருந்த லயத்துக் கூட்டம் திசைக்கொருவராய்ப் பிரிந்தது.

தந்தை பட்டது மகனைத் தாக்குமோ என்ற வினாவை 1966-இல் கனடாவில் விவியன் ரேக்காஃப் என்ற மருத்துவர் எழுப்பினார். ஹிட்லரின் முகாம்களிலிருந்து தப்பிய யூதர்களின் பிள்ளைகள், முகாமையே காணாதவர்கள், மனநோயோடு அவரிடம் வந்தனர். குருதி வழியே இறங்குகிறதா என்பது குறித்து அறிஞரிடையே இன்றும் வழக்குண்டு. அவ்வழக்கு எவ்வாறு முடியினும் வளர்ப்பின் வழி தெளிவு. எப்போது சினம் பொங்கும் என்று அறியவொண்ணாத தந்தை, சிரிக்க மறந்த தாய், கேட்கக் கூடாத கேள்விகள் நிறைந்த வீடு. அங்கு வளர்ந்த பிள்ளை காரணம் அறியாமலே அஞ்சக் கற்கிறது. இன்று வடசிலாங்கூரில் அறுபது எழுபது வயதிலிருப்போருள் அவ்வகை வீடுகளில் வளர்ந்தோர் உளர். அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உளர். ஆகவே இது முடிந்துபோன செய்தியன்று.

மருந்துண்டா என்றால், உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் வகுத்த நெறியின்படி, மனக்காயத்தை மையமாகக் கொண்ட சிந்தனை–நடத்தை மருத்துவமும், கண்ணசைவின் துணையோடு நினைவைச் சீர்செய்யும் முறையும் பயன் தருவன. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: பயிற்சி பெற்ற ஒருவர் துணையோடு, தாங்கும் அளவறிந்து, சிதறிய நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு அதனை இறந்தகாலத்தில் அமர்த்துதல். நிகழ்ச்சிக்குப் பின் முதல் மாதத்தில் உறக்கத்துக்கென்று மயக்கமூட்டும் மாத்திரைகளைத் தருதலை அந்நெறி ஆதரிக்கவில்லை. நிகழ்ச்சி நடந்தவுடன் பாதிக்கப்பட்டவரை ஒரே அமர்வில் முழுவதும் சொல்லுமாறு தூண்டுவதும் தவிர்க்கத்தக்கது என்கிறது. உதவிக்கு இன்று தஞ்சோங் ரம்புத்தான் செல்ல வேண்டுவதில்லை. அரசாங்கச் சுகாதார நிலையங்களிலேயே மனநலச் சோதனை உண்டு. அங்கிருந்து மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவுக்கு அனுப்புவர். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்ற தொலைபேசி எண்ணில் பேசலாம். தமிழில் பேசி இச்சிகிச்சை அளிக்கவல்லோர் போதிய அளவில் இருந்தாலன்றி இவ்வாயில்கள் பாதி திறந்தவையே. மனத்தின் ஆழத்தில் கிடப்பதை மூதாட்டி ஒருத்தி மலாய்மொழியிலா சொல்வாள்?

இவ்விடத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு ஒரு பணி நேர்கிறது. குடும்ப வரலாறு எழுதிவரும்படி மாணவரிடம் சொல்வது வழக்கமாகியுள்ளது. மரண ரயில் ஆர்வலர் குழுவினர் போனவர் செய்திகளைத் தேடித் திரட்டி வருவதால் சயாம் பற்றிய ஆர்வமும் வளர்ந்துள்ளது. நல்லதே. ஆனால் பத்து வயதுப் பிள்ளை, 'தாத்தாவின் அப்பாவை எப்படிக் கொன்றார்கள், சொல்லுங்கள்' என்று நோட்டும் பென்சிலுமாகப் பாட்டியின் முன் அமர்வது ஆறிய தழும்பைக் கிழிப்பதாகவும் முடியலாம். பெயர், தோட்டம், லயத்து எண், எந்த மாதம் போனார், யாரோடு போனார், வீட்டில் எந்நாளில் அவருக்குப் படைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வந்தால் போதும். பாட்டி தானாக மேலும் சொல்லத் தொடங்கினால் கேட்கலாம், நிறுத்தினால் நிறுத்தலாம். அன்றிரவு அவள் உறங்கவில்லை என்று பிள்ளை மறுநாள் வந்து சொன்னால், அதனைக் கேட்ட ஆசிரியர் அக்குடும்பத்தாரைப் பார்த்துச் சுகாதார நிலையத்துக்கு வழி சொல்ல வேண்டும். பாட்டியிடம் பெற்ற பெயரை நோட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்தோடு தமிழிலும் எழுதச் சொல்லுதல் நலம். பழைய பதிவுகளில் ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாகக் கிடப்பதுண்டு; ஊரும் தந்தை பெயரும் தமிழில் சேர்ந்திருந்தால்தான் அவர் இன்னார் என்று அடையாளம் காண இயலும்.